வாடகைக் கப்பல்

சென்ற மாதம் சிவகிரிக்குப் போயிருந்தோம். முன்பு சங்கரன்கோவில் தாலுகாவில் சேர்ந்திருந்து, இப்போது தென்காசி ஜில்லாவில் தனித் தாலுகாவாக விளங்கும் ஊர் அது. அங்கே நமது நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில், அரசாங்க இலச்சினை பொறித்த பழைய மடிக்கணினி ஒன்று சாக்குப் பையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. 2012-ஆம் ஆண்டில் நண்பரின் தம்பி பள்ளியிறுதி வகுப்பில் படித்தபோது இலவசமாகப் பெற்ற யந்திரம் அது. சித்தப்பாவிடமிருந்து கைமாறி, இப்போது பி.காம். படிக்கும் நண்பரின் மகனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "ஏன் சாக்கில் கட்டியிருக்கிறீர்கள்?" என்று வினவினோம். பக்கத்து ஊரில் பழுது பார்க்கும் கடைக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்: "அண்ணாச்சி, இது செத்த மாடு. தோலுக்குத்தான் விலை."

மாடு சாகவில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அதை அவிழ்த்துவிட நமக்கு அதிகாரமில்லாதபடி கயிறு வேறொருவர் கையில் இருக்கிறது. இவ்விஷயத்தைப் பற்றித்தான் இன்று நேயர்களுடன் கலந்து யோசிக்க விரும்புகிறோம்.

நடந்தது இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். கணினிக்கு உடல் வேறு, அதை நடத்தும் இயங்குதளம் வேறு. நண்பர் வீட்டு யந்திரத்தில் இருந்தது விண்டோஸ் 10. அமெரிக்காவிலுள்ள மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2015 ஜூலையில் வெளியிட்ட இந்த இயங்குதளத்துக்குரிய பராமரிப்பை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டார்கள். அன்று நள்ளிரவில் யந்திரங்கள் ஒன்றும் நின்றுவிடவில்லை. ஆனால் அதற்குமேல் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அவர்கள் அடைத்துத் தர மாட்டார்கள். வீட்டு உபயோகத்தாரில் பணம் கொடுப்போருக்கும், தங்கள் கணக்கில் பதிவு செய்துகொண்டு அமைப்புகளை அவர்களிடம் ஒப்படைப்போருக்கும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுத் தவணை அளித்தார்கள். பாங்கிக் கணக்கையும் பரீட்சை விண்ணப்பத்தையும் கணினி மூலமாகவே நடத்த வேண்டியுள்ள இந்நாளில், ஓட்டை அடைபடாத யந்திரம் தாழ்ப்பாள் இல்லாத வீடு.

"விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்வதுதானே?" என்று கேட்கலாம். மாறலாம், யந்திரம் அதற்குத் 'தகுதி' பெற்றிருந்தால். குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் சாவிக் காப்புச் சில்லு, இவற்றோடு கம்பெனியாரின் பட்டியலில் இடம்பெற்ற மையச் செயலி, இவ்வளவும் வேண்டும். இன்டெல் செயலிகளில் எட்டாவது தலைமுறைக்கு முந்தியவை, அதாவது ஏறக்குறைய 2017-க்கு முன் பிறந்தவை, மிகச் சிலவற்றைத் தவிரப் பந்திக்கு வெளியே. பாதுகாப்புக்காகவே இந்நிபந்தனை என்று கம்பெனியார் கூறுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சாவியைத் தனிச் சில்லில் பூட்டி வைப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சில்லு இல்லாத யந்திரமெல்லாம் குப்பைக்குப் போக வேண்டும் என்பது எந்த நியாயம்? உலகத்தில் 24 கோடிக் கணினிகள் இவ்விதம் கழிக்கப்படலாம் என்று கேனலிஸ் என்னும் ஆராய்ச்சி நிலையத்தார் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டார்கள்.

நமது மாகாணத்துக்கு இதில் தனிப்பட்ட சம்பந்தம் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் மூலம் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட யந்திரங்களை மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏழாயிரம் கோடி ரூபாயை ஒட்டிய பொதுப் பணம் இதில் செலவாகியிருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் எளிதில் காண முடியாத காரியம். அதைச் செய்த கட்சி எது, எதிர்த்த கட்சி எது என்ற வழக்கை இங்கே நாம் எழுப்பப் போவதில்லை. வரி கொடுத்தவர்கள் ஜனங்கள், யந்திரம் ஜனங்களுடையது. அவற்றில் எத்தனை இன்னும் ஓடுகின்றன, எத்தனை பரணில் கிடக்கின்றன என்பதே நமது கவலை.

கடைக்காரர் நண்பருக்கு மூன்று வழிகள் சொல்லியிருக்கிறார். புதியது வாங்குவது ஒன்று. அதற்கு முப்பது நாற்பதாயிரம் ரூபாய் வேண்டும். அதிலும், செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போவதால் 2025-ஆம் வருஷக் கடைசி முதல் அச்சில்லுகளின் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. எலுமிச்சை விற்ற பணத்தில் இதற்கு ஒதுக்க முடியுமா என்று நண்பர் கணக்குப் போட்டுப் பார்த்துக் கைவிட்டார். பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது இரண்டாவது வழி. மூன்றாவதைக் கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: நிபந்தனையை ஏமாற்றிப் புதிய விண்டோஸைத் திருட்டு உரிமத்தோடு ஏற்றித் தருகிறேன், ஐந்நூறு ரூபாய் போதும் என்று.

இந்த மூன்றாவது வழியைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான், நாம் அவனிடம் திருடினால் என்ன என்று பேசும் தேசபக்தர்களை நாம் பார்த்திருக்கிறோம். இது சுதேசியம் ஆகாது. திருட்டு உரிமத்தை ஏற்றுகிறவன் அந்நியச் சரக்கைப் பகிஷ்காரம் செய்யவில்லை. அதற்கே அடிமையாகி, விலை கொடாமல் அடிமையாயிருக்கிறான், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, உரிமத்தை உடைக்கும் அந்நிரல்களோடு கிருமி நிரல்களும் உள்ளே நுழைகின்றன.

இவ்விடத்தில் நமக்கு ஞாபகம் வருவது தூத்துக்குடி. பழைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவர்களுக்கு இக்கதையை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அதிலுள்ள ஓர் அம்சத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஒட்டப்பிடாரம் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது அவரிடம் பங்குகள் இருந்தன, ஜன ஆதரவு இருந்தது, கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஷாலைன் கம்பெனியாரிடம் வாடகைக்குப் பிடித்துத்தான் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் அதோடு நேருக்கு நேர் மோத வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஷாலைன் கம்பெனியாரை மிரட்டினார்கள். வாடகை ஒப்பந்தம் ரத்தாயிற்று. பயணிகள் இருந்தார்கள், சரக்கு இருந்தது, துறைமுகம் இருந்தது. மரக்கலம் மட்டும் ஒரே நாளில் மறைந்துவிட்டது. அப்போதுதான் சிதம்பரம் பிள்ளை சொந்தக் கப்பல் இல்லாமல் கரையேற முடியாது என்று கண்டு வடக்கே புறப்பட்டுப் போனார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் சுதேசிக் கொடியுடன் வந்து சேர்ந்தன. வெள்ளைக் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள், இவர் எட்டணாவாக்கினார். பிறகு அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகவும் குடை ஒன்று இனாமாகத் தருவதாகவும் கூறினார்கள்!

நமது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த விண்டோஸ் அந்தக் குடைதான் என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். உரிம ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்கட்டும். மென்பொருள் விற்கப்படவில்லை, உபயோகிக்கும் உரிமை மட்டுமே தரப்படுகிறது என்று கம்பெனியாரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்கள். நண்பர் வீட்டு யந்திரத்தின் உடல் நண்பருடையது. அதை ஓட்டும் விசை வாடகை.

வாடகைக்காரனின் நிலைமை எப்படியிருக்கும் என்பதற்குப் பழங்கதை மட்டுமா சான்று? 2025 ஜூலையில் குஜராத்தில் வாடிநாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி கம்பெனிக்கு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் தங்கள் சேவைகளை நிறுத்தினார்கள். அந்த ஆலையில் ருஷியக் கம்பெனிக்குப் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தார் அதன்மேல் தடை விதித்திருந்தார்கள். இந்தியச் சட்டத்தில் அதற்குத் தடை கிடையாது. சேவைக்குரிய பணமும் செலுத்தியாகிவிட்டது என்பது ஆலையார் வாதம். அவர்கள் டில்லி ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். சில தினங்களில் சேவை மீண்டது. பெரிய ஆலைக்கு வக்கீல் வைக்கும் சக்தி உண்டு. சிவகிரி மாணவருக்கு?

சொந்தக் கப்பல் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேலாக அது துறையில் நிற்கிறது. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு இயக்கமும், 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸும் சேர்ந்து பிறப்பித்த இயங்குதளம் அது. எவரும் ஓட்டலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பிறப்பிடம் அந்நிய நாடு என்பதால் இதைச் சுதேசி அல்லவென்று தள்ளுவது பேதைமை. காலியாவும் அந்நியக் கப்பல்தான். அதன் சுக்கான் யார் கையில் இருந்தது என்பதல்லவா விஷயம்?

விசித்திரம் என்னவென்றால், அந்தச் சொந்தக் கப்பலும் நமது பிள்ளைகளின் யந்திரத்துக்குள்ளேயே முதலில் இருந்தது. திட்டத்தின் தொடக்க வருஷங்களில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே ஏற்றப்பட்டிருந்தது. மத்திய சர்க்காரின் சி-டாக் நிலையத்தார் சென்னையிலிருந்து உருவாக்கிய பாரத இயங்குதளம். பெயர்தான் ஆங்கிலத்தில் எஜமானனைக் குறிக்கும் சொல்லாக அமைந்துவிட்டது! யந்திரத்தைத் திறக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நண்பரின் தம்பியைக் கேட்டோம். "ஏதோ இரண்டு வரி வரும், மேல் வரியை அழுத்துவோம்" என்றார். கீழ் வரி என்ன என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. சொல்லும்படி ஆசிரியருக்கும் எவரும் பயிற்சி அளிக்கவில்லை. பின்னர் ஒரு கடைக்காரர் இடம் பிடிக்கிறது என்று அதை அழித்துவிட்டாராம். சர்க்கார் விதையைக் கொடுத்தார்கள். உழவு சொல்லிக் கொடுக்கவில்லை.

சிவகிரியில் அன்று மாலையே சாக்கை அவிழ்த்தோம். நாம் நிபுணர் அல்ல. ஆகவே எங்கெங்கே இடறினோம் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. யந்திரத்தில் 2 ஜிபி நினைவகமும், சுழலும் தட்டுடைய பழைய வன்வட்டும் இருந்தன. விண்டோஸ் 10 திறந்து முடிவதற்குள் அடுக்களையில் காப்பி கலந்து வந்துவிட்டது, குடித்தும் முடித்தோம். பாஸ் லினக்ஸ் எந்த மூலத்திலிருந்து உண்டாக்கப்பட்டதோ அந்த டெபியனின் 13-ஆம் பதிப்பை, 2025 ஆகஸ்டில் வெளிவந்ததை, இலேசான எக்ஸ்.எப்.சி.இ. முகப்போடு ஒரு பென்டிரைவில் இறக்கிக்கொண்டு போயிருந்தோம். மாணவரின் பாடக் குறிப்புகளை முதலில் வேறொரு பென்டிரைவில் நகல் எடுத்தோம். (இந்த ஒரு படியை விட்டுவிட்டு அழுதவர் பலர்.) ஏற்றுவதற்கு ஒரு மணி நேரத்துக்குமேல் பிடித்தது. முடிந்ததும் வைபை வேலை செய்யவில்லை. அந்த அட்டைக்குரிய இயக்கி நிரல் தனியே வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைபை வேண்டும்! மாணவரே ஓர் உபாயம் சொன்னார்: செல்போனைக் கம்பியால் கணினியோடு இணைத்து அதன் வழியே இணையத்தை வாங்கினோம். இரவு ஒன்பது மணிக்கு எல்லாம் சரியாயிற்று.

மறுநாள் ராஜபாளையத்தில் பழைய உதிரி விற்கும் இடத்தில் 4 ஜிபி நினைவகத் துண்டு ஒன்றும், சுழலாத எஸ்.எஸ்.டி. வட்டு ஒன்றும் வாங்கிப் பொருத்தினோம். புதிய யந்திரத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இயங்குதளம் முழுவதும் திறந்து நிற்கும்போது ஒரு ஜிபிக்கும் குறைவான நினைவகத்தையே எடுத்துக்கொண்டது. தமிழ்99 விசைப்பலகை அமைந்தது. பட்டியல்களெல்லாம் தமிழில் தோன்றின. தமிழர் பலர் ஊதியமின்றி உட்கார்ந்து மொழிபெயர்த்த உழைப்பு அது. 2012 முதல் 'கணியம்' போன்ற பத்திரிகைகள் இந்த ஞானத்தைத் தமிழில் ஜனங்களிடம் கொண்டுசெல்ல முயன்று வருகின்றன. பாட்டரி மட்டும் செத்தது செத்ததுதான். மின்சாரக் கம்பி சொருகியே ஓட்ட வேண்டியிருக்கிறது.

எல்லாம் வெற்றி என்று முரசடிக்க நமக்கு விருப்பமில்லை. பி.காம். மாணவருக்குக் கணக்கெழுதும் டாலி வேண்டும். அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. இஞ்சினீயரிங் மாணவர்களின் ஆட்டோகாடும் லினக்ஸுக்கென்று எழுதப்படவில்லை. மாற்று நிரல்கள் உண்டு. ஆனால் கல்லூரி கேட்பது இவற்றை. நமது மாணவர் டாலிக்கு மட்டும் கல்லூரிக் கூடத்தை நம்பியிருக்கிறார். எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ் போதுமானதாயிருக்கிறது. ஆசிரியர் அனுப்பிய சில கோப்புகளில் எழுத்துருக்கள் இடம் பெயர்ந்து நிற்கின்றன. பழகிக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். கதர் முதலில் உடம்பை உறுத்தத்தான் செய்தது.

சிவகிரியில் நின்று மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அப்பால் கேரளம். 2001-இல் அங்கே தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம் சில வருஷங்களுக்குள் முற்றிலும் சுதந்திர மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி, பிறகு பாடப் புத்தகம், பிறகு பரீட்சை. கைட் என்னும் சர்க்கார் ஸ்தாபனம் தனது சொந்த லினக்ஸ் பதிப்பையே வெளியிட்டு வருகிறது. நம்மவர்களுக்கு இது தெரியாத வித்தையல்ல. 2007-ஆம் வருஷத்தையொட்டி நமது எல்காட் நிறுவனமே தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிப் பள்ளிகளுக்கும் கொண்டுபோக முனைந்தது. தலைமை மாறியதும் ஊக்கமும் மாறியது. அங்கே திட்டம் உத்தியோகஸ்தரைவிட நீண்ட ஆயுள் பெற்றது. இங்கே உத்தியோகஸ்தர் திட்டத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றார்.

இன்னொரு விஷயத்தையும் தயக்கத்துடன் குறிப்பிடுகிறோம். நமது ஜில்லாவிலேயே மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனியார் பெரிய அலுவலகம் அமைத்துக் கிராமத்து இளைஞர்களுக்கு வேலை கொடுக்கிறார்கள். 2025 செப்டம்பரில் மத்திய மந்திரி ஒருவர் தமது அலுவல்களுக்கு அவர்களுடைய மென்பொருளையே ஏற்றுக்கொண்டார். நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் நம்மூரார் வீட்டில் வாடகைக்கு இருப்பவனும் குடிக்கூலிக்காரன்தான். விலை மாறினாலும் கைமாறினாலும் அவனைக் கேட்டுச் செய்ய மாட்டார்கள். சுதேசி என்பதற்கு முதலாளியின் பிறந்த ஊர் மட்டும் அளவுகோலாக முடியாது என்று கருதுகிறோம்.

சர்க்கார் செய்யக்கூடியது பெரிதல்ல. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. அவை சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு ஆய்வகத்தைத் திறந்து, பழைய மடிக்கணினியோடு வருகிறவர்களுக்குப் புதிய சுதந்திர இயங்குதளத்தை ஏற்றிக் கொடுக்கட்டும். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடையாது. 2025 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருஷத்தில் புதிய கணினிச் சாதனம் தருவதாக அறிவித்தார்களே, அந்த யந்திரங்களுக்கும் ஒரு நாள் வயதாகும். அதற்குள்ளாவது கீழ் வரி என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். கல்லூரிகளும் சர்வகலாசாலைகளும் ஒரே கம்பெனியின் கோப்பு வடிவத்தைக் கட்டாயப்படுத்தாமல் திறந்த வடிவங்களை ஏற்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போடுவதற்குக் காசே தேவையில்லை.

ஆனால் சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருப்பவர்களுக்காக நாம் இதை எழுதவில்லை. மேடைதோறும் சுதேசி பேசுகிற தொண்டர்களை ஒன்று கேட்கிறோம். உங்கள் கட்சி ஆபீஸில் துண்டுப் பிரசுரம் தயாராகும் கணினி எந்த உரிமத்தில் ஓடுகிறது? அதன் உரிமச் சீட்டை எடுத்துக் காட்ட முடியுமா? முடியாதென்றால் அடுத்த பிரசுரத்துக்கு முன் அந்த ஒரு யந்திரத்தை மாற்றுங்கள். மாற்றத் தெரிந்தவர் ஒருவர் ஒவ்வொரு கிளையிலும் இருக்கட்டும். கைராட்டை பழக்கியதைப் போல் வாரம் ஒரு மாலை அவர் நாலு பேருக்குக் காட்டிக் கொடுக்கட்டும்.

சிவகிரியிலிருந்து நேற்று ஒரு செய்தி வந்தது. நமது மாணவர் வீட்டுத் திண்ணையில் மேலும் மூன்று அரசாங்க மடிக்கணினிகள் வந்து சேர்ந்திருக்கின்றனவாம். ஒன்றுக்குத் திரை உடைந்திருக்கிறது. மற்ற இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். வைபைக்கு இம்முறை கம்பியைத் தயாராக வைத்திருக்கிறாராம்.